தண்ணி போற வழியில... சண்டை நடந்த ஊர்கள்!

மூணு நாள் சேர்ந்தாப்ல லீவு கிடைச்சா என்ன பண்ணுவீங்க? பாண்டி, ஊட்டி, ஏலகிரி... பிளான் எல்லாம் பக்காவா இருக்கும். கடைசி நிமிஷத்துல பட்ஜெட் இடிக்கும். 'அடுத்த செமஸ்டர் பார்த்துக்கலாம் மச்சி'ன்னு ஆளாளுக்கு போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டு தூங்குவோம். இந்தப் பொங்கல் லீவுக்கு எங்க செட் வேற ரூட் எடுத்தது. நாலு பேர், நாலு சைக்கிள், மூணு நாள். சைக்கிளும் புதுசு இல்லீங்க. பிளஸ் ஒன் படிக்கும்போது கவர்மென்ட் கொடுத்ததுதான். கியர் கிடையாது. ஆனா கேரியர் உண்டு, மணி உண்டு!

எங்க ஊர் பொதட்டூர்பேட்டை. திருத்தணிக்கு அந்தப் பக்கம், ஆந்திராவுக்கு இந்தப் பக்கம். எந்தத் தெருவில் நடந்தாலும் தறிச் சத்தம் கூடவே வரும். டீக்கடையில் ஒருத்தர் தமிழில் கேட்பார், இன்னொருத்தர் தெலுங்கில் பதில் சொல்வார், ரெண்டு பேருக்கும் புரியும். பக்கத்து பள்ளிப்பட்டில் கொசஸ்தலை ஆறு. ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் இங்கே தரைப்பாலத்துக்கு மேல தண்ணி ஓடும். அந்தத் தண்ணி எங்கே போகுது என்று பார்க்கத்தான் முதலில் கிளம்பினோம்.

அப்போதுதான் எங்க கூட்டத்து ஹிஸ்டரி மேஜர் ஒரு பேப்பரை நீட்டினான். சோளிங்கர், தக்கோலம், புள்ளலூர், பெரம்பாக்கம் என்று ஊர் பேராக எழுதியிருந்தான். "எல்லாம் போர்க்களம்டா. பானிபட் எத்தனை, பிளாசி எப்போன்னு மனப்பாடம் பண்றோம். நம்ம வீட்டுப் பக்கத்துல நடந்தது எவனுக்காவது தெரியுமா?" தெரியாதுதான். ஆறு, கால்வாய், ஏரி ஒரு பக்கம், போர்க்களங்கள் இன்னொரு பக்கம் என்று ரூட் போட்டோம். கடைசியில் பார்த்தால் ரெண்டும் ஒரே ரூட்!

முதல் நாள்: ஜெயிச்சவனுக்கும் சோறு இல்லை

விடியற்காலை பனியில் கிளம்பி தெற்கே சோளிங்கர். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கரும்பு, வேர்க்கடலை, மாந்தோப்பு. தூரத்திலிருந்தே யோக நரசிம்மர் மலை தெரிந்துவிடும். 1305 படி ஏற முடியாதவர்களுக்கு 2024 முதல் ரோப் கார் இருக்கிறது. நாங்கள் மேலே போகவில்லை. கீழே இருக்கிற வெட்டவெளிதான் எங்களுக்குக் கோயில்.

1781 செப்டம்பர் 27. மைசூர் ஹைதர் அலியின் படையும், சர் அயர் கூட் தலைமையிலான கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மோதிக்கொண்டது இந்தச் சோளிங்கர் பக்கத்தில்தான். ஜெயித்தது கம்பெனி. சரி, ஜெயித்தவுடன் துரத்திக்கொண்டு போயிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. ஜெயித்த படையிடம் சாப்பிட அரிசி இல்லை! இழுத்துச் செல்ல மாடும் போதவில்லை. வடக்கே பாளையக்காரர்கள் ஆண்ட மலைப்பக்கம் தானியம் தேடி நகர்ந்தது அந்தப் படை. அதாவது எங்க ஊர் இருக்கிற திசைக்கு!

ரெண்டு ராஜாக்கள் சண்டை என்று பாடப் புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான ஆள், அதைவிட அதிக மாடு, குதிரை. இவ்வளவு வாயும் ஒரு ஏரிக்கரையில் வந்து இறங்கினால் அந்த ஊர் ஜனம் என்ன சாப்பிட்டிருக்கும், என்ன குடிச்சிருக்கும்? இந்தக் கேள்வி சோளிங்கரில் எங்கள் கேரியரில் ஏறி உட்கார்ந்தது. மூணு நாளும் இறங்கவே இல்லை.

ராத்திரி தங்கல் திருத்தணி. சூரபத்மனோடு போர் முடித்த முருகன் கோபம் தணிந்து அமர்ந்த மலை என்பதால்தான் தணிகை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். மற்ற முருகன் கோயில்களில் கந்த சஷ்டிக்கு சூரசம்ஹாரம் அமர்க்களப்படும். இங்கே மட்டும் கிடையாது. சண்டை முடிஞ்சாச்சு, இனி எதுக்கு? போர்க்களங்களைத் தேடிக் கிளம்பியவர்களுக்கு இதைவிட நல்ல ஹால்ட் ஏது! 365 படி ஏறி இறங்கிய பிறகு கால் ரெண்டும் எங்களுடையதாக இல்லை என்பது தனிக்கதை.

இந்தத் திருத்தணிக்காகவே ஒரு போராட்டம் நடந்திருக்கிறது. 1953ல் ஆந்திரா தனி மாநிலமானபோது இந்தப் பகுதி அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் முன்னே நிற்க, வடக்கு எல்லைப் போராட்டம் கிளம்பியது. மறியல், ஊர்வலம், சிறை. பிறகு படாஸ்கர் என்ற மத்தியஸ்தர் வந்தார், பேச்சுவார்த்தை நடந்தது, நாடாளுமன்றத்தில் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்காக ஆந்திராவுக்கும் சில ஊர்கள் போயின. பீரங்கி வண்டி இல்லாமல், யானைப் படை இல்லாமல் ஒரு எல்லைக்கோடு மாறிய கதை இது. இந்த மூணு நாளில் நாங்கள் பார்த்த எல்லாவற்றிலும் இது மட்டும்தான் அப்படி.

இரண்டாம் நாள்: யானை மேல் இறந்த இளவரசன்

திருத்தணியிலிருந்து அரக்கோணம் 13 கிலோமீட்டர். ஊருக்கு வெளியே கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத்தளம். கடலே இல்லாத ஊரில் கடற்படையா என்று கேட்காதீர்கள், கடலைக் கண்காணிக்கிற விமானங்கள் கிளம்புகிற இடம் அது. 1992ல் தொடங்கினார்கள். ஆனால் ஓடுபாதையின் வரலாறு அதற்கும் முந்தியது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கே ஒரு விமானத்தளம் இருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பயந்து சென்னையே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய காலம் அது.

2015 டிசம்பர் மழையில் மீனம்பாக்கம் விமான நிலையம் தண்ணீரில் நின்றபோது, பயணிகள் விமானம் வந்து இறங்கியது இந்த ராஜாளியில்தான். போருக்குப் போட்ட ஓடுபாதை வெள்ளத்துக்கு உதவியது! (வெளியே போர்டைப் பார்த்துக்கொண்டே மிதியுங்கள். கேமராவை எடுக்கவே எடுக்காதீர்கள். வாட்ச் டவரில் இருப்பவர் நம்மளைவிட ஷார்ப்பு.)

அடுத்து தக்கோலம். ஜலநாதீஸ்வரர் கோயில் உள்ள தேவாரத் தலம். பழைய பெயர் திருவூறல். ஜலம், ஊறல்... பேரிலேயே தண்ணி! அமைதியான சின்ன ஊர். இங்கே கி.பி. 949ல் சோழ நாட்டின் தலையெழுத்தே மாறியது என்றால் நம்ப முடிகிறதா?

ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் பெரும் படையோடு வந்தான். எதிரே முதலாம் பராந்தகனின் மகன் ராஜாதித்தன், யானை மேல். கிருஷ்ணன் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன் ராஜாதித்தனைக் கொன்றான். யானை மேலேயே உயிர் போனதால் 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று பெயர். அந்த அடியிலிருந்து சோழர்கள் எழுந்து நிற்க ராஜராஜன் வரவேண்டியிருந்தது.

இதில் ஒரு சுவாரஸ்யம். இந்தப் போரைப் பற்றிச் சொல்கிற முக்கியமான கல்வெட்டு ஒன்று கர்நாடகாவில் மாண்டியா பக்கம் ஆதகூரில் கிடைத்தது. அது ஒரு நாய்க்கு வைத்த நடுகல்! காளி என்ற வேட்டை நாய், காட்டுப்பன்றியோடு சண்டை போட்டுச் செத்தது. அதற்கு வைத்த கல்லில்தான் தக்கோலம் போர்ச் செய்தியும் இருக்கிறது. நாய்க்குக்கூட பேர் சொல்லி கல் இருக்கிறது பாருங்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஊரில் வேண்டியிருக்கும்.

ராஜாதித்தன் போருக்குக் காத்திருந்த காலத்தில், சும்மா இருந்த வீரர்களை வைத்து வெட்டியதுதான் வீராணம் ஏரி என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்த வீராணத்துத் தண்ணீர் 2004 முதல் குழாய் வழியே சென்னைக்கு வருகிறது. இளவரசன் தோற்ற போர் புத்தகத்தில். அவன் பேரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஏரி சென்னைக்காரர்கள் டம்ளரில்!

தக்கோலத்துக்குப் பக்கத்திலேயே கேசாவரம் அணைக்கட்டு. சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு கால் நனைத்தோம். கொசஸ்தலை இங்கே ரெண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கொசஸ்தலையாகவே பூண்டிக்குப் போகிறது. இன்னொரு கிளையின் பெயர் என்ன தெரியுமா? கூவம்! ஆமாம், சென்னையில் பஸ் பாலத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்வோமே, அதே கூவம். இங்கே மீன் ஓடுவது தெரிகிறது. எங்க கூட்டத்தில் சென்னையில் படிக்கிற ஒருத்தன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. "இதையாடா நாங்க அப்படி ஆக்கி வச்சிருக்கோம்?" என்று மட்டும் கேட்டான்.

புள்ளலூர்: ரெண்டு கல்லும், கல் இல்லாத கூட்டமும்

தக்கோலத்திலிருந்து தெற்கே, காஞ்சிபுரம் போகிற திசையில் புள்ளலூர். ஆங்கிலேயர் எழுதியதில் பொள்ளிலூர். ஒரு ஊர் எத்தனை தடவைதான் போர்க்களம் ஆகும்? ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் தன் எதிரிகளை இங்கே முறியடித்ததாகக் காசக்குடி செப்பேடு சொல்கிறது. அப்புறம் 1780, மறுபடி 1781.

1780 செப்டம்பர் 10 போர்தான் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் இங்கே சுற்றி வளைத்தார்கள். இரும்புக் குழாயில் மருந்து அடைத்த மைசூர் ராக்கெட்டுகள் சீறின. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. படையே இல்லாமல் போனது. பிடிபட்ட பெய்லி 1782ல் ஸ்ரீரங்கப்பட்டணம் சிறையில் இறந்தார். உதவிக்கு வந்திருக்க வேண்டிய ஹெக்டர் மன்ரோ, பக்சாரில் ஜெயித்த அதே மன்ரோ, காஞ்சிபுரத்தில் இருந்தார். செய்தி கேட்டதும் பெரிய பீரங்கிகளை அங்கே ஒரு குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார்!

ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போர் பெரிய ஓவியமாக இருக்கிறது. மைசூர் ராக்கெட்டைப் பார்த்துத்தான் பின்னால் இங்கிலாந்தில் காங்கிரீவ் ராக்கெட் பிறந்தது. அப்துல் கலாம் இளம் விஞ்ஞானியாக அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்துக்குப் போனபோது, அங்கே வரவேற்பறையில் திப்புவின் ராக்கெட் படை ஓவியத்தைப் பார்த்து அசந்துபோனதை எழுதியிருக்கிறார். அந்த ராக்கெட் புகழ்பெற்றது நம்ம புள்ளலூரில்.

ஊரில் விசாரித்தோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு தாத்தா கூடவே வந்தார். வயல் பக்கம் ரெண்டு ஸ்தூபிகள். ஒன்று லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுனுக்கு, இன்னொன்று கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப்புக்கு. 1781 ஆகஸ்ட் 27ல் நடந்த இரண்டாவது போரில் செத்துப்போன அதிகாரிகள்.

"ஏன் தாத்தா, வெள்ளைக்காரன் படையிலயும் முக்காவாசி நம்ம ஊர் சிப்பாய்ங்கதானே? அவங்களுக்குக் கல்லு?"

"அவனுங்களுக்கு ஏதுப்பா கல்லு... பேரே தெரியாதே."

"ஹைதர் பக்கம் செத்தவங்களுக்கு?"

தாத்தா கையை விரித்துச் சுற்றிலும் காட்டினார். அறுவடை முடிந்த வயல். "எல்லாம் இதுக்குள்ளதான்."

ஆதகூரில் ஒரு நாய்க்குப் பேரோடு கல். புள்ளலூரில் ரெண்டு அதிகாரிக்குப் பேரோடு கல். ரெண்டு பக்கமும் சம்பளத்துக்காகச் சண்டை போட்டுச் செத்தவர்கள், வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டு ஊரைவிட்டு ஓடியவர்கள், மாட்டைப் பறிகொடுத்தவர்கள்... இவர்களுக்கு எங்கே கல்?

பதில் சென்னையில் இருக்கிறது. இந்தப் போர்களால் ஊர்கள் பாழாகி, பயிர் இல்லாமல் போய், பஞ்சம் வந்தது. பட்டினி ஜனம் சென்னைக்கு ஓடியது. அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782ல் ஒரு கஞ்சித்தொட்டி திறந்தார்கள். அது மணியக்காரர் சத்திரம் ஆனது. அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வட சென்னையில் பெரியவர்கள் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பேர் தெரியாத அந்த ஜனத்துக்கு மிஞ்சிய நினைவுச்சின்னம் அந்தப் பேச்சுவழக்குப் பெயர்தான். கல்லில் இல்லை, வாயில் இருக்கிறது.

மூன்றாம் நாள்: ஆறு ஜெயித்த போர்

காஞ்சிபுரத்தில் காலேஜ் நண்பன் வீட்டு மொட்டை மாடியில் ராத்திரி. காலையில் வடகிழக்கே பெரம்பாக்கம். இது பெய்லி வந்த வழி, நாங்கள் எதிர்த்திசையில் போகிறோம். இங்கே 1780 செப்டம்பர் 6ல் திப்புவின் படை அவரை மறித்துச் சண்டை போட்டது. பக்கத்திலேயே கூவம் என்ற பெயரிலேயே ஒரு ஊர். அங்கேயும் ஒரு தேவாரத் தலம், திருவிற்கோலம். ஆறு ஊரைச் சுற்றி நிதானமாகப் போகிறது.

வழியெல்லாம் வரத்துக்கால், மதகு, கலங்கல். ஒரு ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குத் தண்ணி போகிற மாதிரி கோர்த்து வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளுக்குத் தண்ணீர் கொண்டு போகும் கம்பன் கால்வாய்கூட பல்லவ மன்னன் கம்பவர்மன் பெயரில்தான். பல்லவன் போட்ட சண்டை செப்பேட்டில். பல்லவன் பேரில் ஓடும் கால்வாய் வயலில்.

திருவள்ளூர் தாண்டி பூண்டிக்குப் போனால் மறுபடி கொசஸ்தலை. பெய்லி கதையின் முதல் பாகம் இந்த ஆற்றில்தான் நடந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து வந்தவர் 1780 ஆகஸ்ட் 25ல் கொசஸ்தலையின் வடகரைக்கு வந்து சேர்ந்தார். ஆற்றில் தண்ணீர் அதிகமில்லை. அன்றே தாண்டியிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கரையிலேயே கூடாரம் அடித்தார். ராத்திரி மழை. விடிந்தால் வெள்ளம்! செப்டம்பர் முதல் வாரத்தில்தான் அக்கரை சேர முடிந்தது. அந்தத் தாமதம் ஹைதருக்குப் போதுமானதாக இருந்தது. ராக்கெட்டுக்கு முன்னாலேயே ஆறு பாதிப் போரை முடித்துவிட்டது.

பூண்டி நீர்த்தேக்கமும் போர்க்காலத்துப் பிள்ளைதான். சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி எடுத்த முயற்சி, 1940ல் வேலை தொடங்கியது. உலகம் முழுக்க குண்டு விழுந்துகொண்டிருந்தபோது இங்கே கரை எழும்பியது. 1944ல் முடிந்தது. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறைக்குப் போய் உடல்நிலை கெட்ட சத்தியமூர்த்தி, அதைப் பார்க்காமலே 1943ல் காலமானார். அவர் பெயரில்தான் இன்று சத்தியமூர்த்தி சாகர்.

எங்க ஊர்ப்பக்கத்துத் தண்ணியும், கேசாவரத்தில் பார்த்த தண்ணியும் சேருவது இங்கேதான். மூணாவதாக இன்னொரு தண்ணியும் வருகிறது, கிருஷ்ணா! ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் ஓடி ஊத்துக்கோட்டை பக்கம் எல்லையைத் தொட்டு, நம்ம பக்கம் இன்னும் 25 கிலோமீட்டர் ஓடி பூண்டியில் விழுகிறது கால்வாய். 1983ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் முதல்வர்களாக இருந்தபோது போட்ட ஒப்பந்தம். மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா ஆளுக்கு 5 டி.எம்.சி. என்று மொத்தம் 15 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க, ஆவியாவது போக 12 நமக்கு. 1996ல் முதல் தண்ணீர் வந்தது. வருஷாவருஷம் முழுசாக வருவதில்லை, அதற்கும் பேச்சுவார்த்தை, கடிதம், சண்டை எல்லாம் உண்டுதான். ஆனால் படை கிளம்புவதில்லை.

கால்வாய் ஓரம் சைக்கிளை நிறுத்தி உட்கார்ந்தோம். அந்தப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர் "ஏ ஊரு தம்பி?" என்று பாதித் தெலுங்கில் கேட்டார். "பொதட்டூர்பேட்டை" என்றதும் "அட, நம்மூரு லுங்கி!" என்று சிரித்தார். ராஷ்டிரகூடன் வந்த அதே வடக்குத் திசையிலிருந்து இப்போது தண்ணி வருகிறது. மைசூர்க்காரன் வந்த மேற்கிலிருந்து வந்த ராஷ்டிரகூடக் கதையைச் சொல்கிற கல்லும் அங்கேதான் பத்திரமாக இருக்கிறது. 949லும் 1780லும் இந்த நிலத்தில் எல்லையைத் தாண்டியது யானையும் ராக்கெட்டும். இப்போது தாண்டுவது தண்ணியும் லுங்கியும். இதைச் சாதாரணமா நினைக்காதீங்க பாஸ். அதுக்கு ஆயிரம் வருஷம் ஆகியிருக்கு.

நீங்களும் கிளம்பறீங்களா?

ஒரு நாளைக்கு 50, 60 கிலோமீட்டர் போதும், ரேஸ் இல்லை இது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பெஸ்ட். மழை முடிந்திருக்கும், ஏரி நிரம்பியிருக்கும், வெயில் அடிக்காது. பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு ஸ்பேர் ட்யூப், கைப்பம்ப் கட்டாயம். பெரிய ஊர்களைத் தவிர மற்ற இடங்களில் பஞ்சர் கடையைத் தேட வேண்டியிருக்கும். அணைக்கட்டு, கால்வாயில் இறங்கிக் குளிக்கவே குளிக்காதீங்க. மேலிருந்து பார்த்தால் அமைதி, உள்ளே இழுப்பு. தண்ணி பாட்டிலை வழியில் வீசாமல் கேரியரிலேயே திருப்பிக் கொண்டுவாங்க.

அப்புறம் ஒரு சின்ன அசைன்மென்ட். உங்க ஊர் ஏரியை யார் வெட்டினாங்க, கால்வாய்க்கு ஏன் அந்தப் பேர், பக்கத்தில் எந்தப் படை தங்கியது என்று வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்க. புள்ளலூர் தாத்தா சொன்ன மாதிரி, பேரே தெரியாதவங்களுக்குக் கல் வைக்க முடியாது. தெரிஞ்ச பேரையாவது தொலைக்காம இருப்போமே!